யார் போட்ட டிக்கெட்

அப்பா ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருந்தது. சொந்தக்காரர்கள் அதைத் தலைமுழுகி வெகுகாலம் ஆகிவிட்டது. பெரியம்மா முதல் நேற்றுப் பேசத் தொடங்கிய பொடிசு வரை எல்லோருக்கும் அவள் சென்ட்டு. சென்ட்டு அத்தை, சென்ட்டு சித்தி. கூப்பிடும்போது ஒரு சிரிப்பும் சேர்ந்து வரும். அவளும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பாள், மனசுக்குள் மட்டும் இன்னொரு தடவை என்று எண்ணிக்கொள்வாள்.

மருந்துக்கடை மாடியில் ஒரு குறுகலான அறை. அங்கே விமான டிக்கெட் போட்டுக் கொடுப்பதுதான் அவள் வேலை. மூன்று மேசை, சுவரில் வெளுத்துப்போன உலகப் படம், கீழேயிருந்து ஏறிவரும் மருந்து வாசனை. ஜன்னலோர மேசை அவளுடையது, பக்கத்து மேசை விசா வேலை பார்ப்பவருடையது. எல்லோரும் அவரை விசாக்காரர் என்பார்கள். வாடிக்கையாளர்கள் அவளிடம் ஒரு விஷயத்துக்காகச் சலித்துக்கொள்வார்கள், அதே விஷயத்துக்காக அவளையே தேடியும் வருவார்கள். இரண்டு விமானம் மாறிப் போகிறவர்களுக்கு நடுவில் அவள் விடுகிற நேரம்தான் அது. "அக்கா டிக்கெட் போட்டா ஏர்போர்ட்லயே குடித்தனம் நடத்தலாம்" என்று விசாக்காரர் கேலி செய்வார்.

அவள் மசியமாட்டாள். ஒரே டிக்கெட்டாக எடுத்தால் சரி, முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவது கம்பெனிக்காரன் தலைவலி. மலிவாகக் கிடைக்கிறதே என்று இரண்டு கம்பெனியில் தனித்தனியாக எடுத்தால் அந்தத் தலைவலி முழுக்க நம் தலையில். இறங்கி, பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துகிற வரிசையில் நின்று, பெட்டி வருமா வராதா என்று காத்திருந்து, அதை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, பஸ் பிடித்து இன்னொரு கட்டடத்துக்குப் போய், முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும். இரண்டாவது விமானத்துக்காரனுக்கு முதல் விமானம் தாமதமானால் என்ன, தரையிறங்காமலே போனால்தான் என்ன? "நீங்க சும்மா பறந்து போறவங்க. நான் உக்காந்து பாத்தவ" என்பாள். எங்கே உட்கார்ந்தாள் என்று யாரும் கேட்டதில்லை.

அவள் உட்கார்ந்தது அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது. அப்போது அவள் தூரதேசத்தில் ஒரு துணி ஆலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் போன் செய்தான். "அப்பா உன்னையே கேட்டுட்டு இருக்கார், உடனே கிளம்பி வா. டிக்கெட் நான் போட்டுட்டேன்." போட்டது இரண்டு துண்டு டிக்கெட், நடுவில் ஒன்றரை மணி நேரம். அவளுக்கு அன்று ஒன்றும் தெரியாது. அண்ணன் போட்டால் சரியாகத்தான் இருக்கும் என்று ஏறிவிட்டாள்.

முதல் விமானம் கிளம்பவே தாமதம். பெட்டி கடைசியாக வந்தது. மூச்சிரைக்க ஓடிப்போய் நின்றபோது அடுத்த விமானத்தின் கவுண்டரை மூடிவிட்டு அங்கிருந்த பெண் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "நீங்க வந்தது வேற கம்பெனி விமானம்மா, எங்க பொறுப்பு இல்ல" என்றாள், கோபமில்லாமல். இவள் அண்ணனுக்குப் போன் செய்து அழுதாள். அவன் "சரி சரி, நான் பாத்துக்கறேன்" என்றான். அடுத்த விமானத்தில் இடம் கிடைக்க ஒரு முழுநாள் ஆயிற்று. அந்த நாள் முழுக்க ஒரு இரும்பு பெஞ்சில், தூண் ஓரமாக, பெட்டியைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கிளம்பும் நேரத்தில் தன் மேலே வீசிய வியர்வை நாற்றம் அவளுக்கே தாங்கவில்லை. இப்படியே போய் அப்பா பக்கத்தில் எப்படி நிற்பது என்று, ஏர்போர்ட் கடை ஒன்றின் வாசலில் எல்லோரும் அடித்துப் பார்க்க வைத்திருந்த சென்ட் பாட்டிலை எடுத்து இரண்டு தடவை மேலே அடித்துக்கொண்டாள். அப்பா போய்விட்டார் என்கிற சேதி அதற்கப்புறம்தான் வந்தது.

இழவு வீட்டுக்குள் அவள் அந்த வாசனையோடுதான் நுழைந்தாள். அதற்குள் அண்ணன் வேலையை முடித்திருந்தான். 'டிக்கெட் எல்லாம் ஒழுங்காத்தான் இருந்துச்சு, இவ ஏர்போர்ட் கடையில சென்ட்டு பாத்துக்கிட்டு நின்னு விமானத்த விட்டுட்டா' என்று கூடியிருந்தவர்கள் காதில் ஓதிவிட்டான். அவள் வந்து நின்றதும் மூக்கே சாட்சி சொல்லிவிட்டது. அவள் அழுதாள், சத்தம் போட்டாள், சத்தியம் செய்தாள். ஒரு வார்த்தைகூட எடுபடவில்லை. ஆஸ்பத்திரியில் இரவும் பகலும் கிடந்தவன் சொல்வதை நம்புவார்களா, சென்ட் மணக்க வந்தவள் சொல்வதை நம்புவார்களா? பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முதலில் திட்டாக வந்த பெயர் பிறகு கேலியாகி, கடைசியில் அதுவே பெயராக நிலைத்துவிட்டது. அண்ணன் ஒருநாள்கூட உண்மையைச் சொல்லவில்லை. அவனும் சென்ட்டு என்றுதான் கூப்பிட்டான், மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே.

அவள் ஆலை வேலைக்குத் திரும்பிப் போகவில்லை. இந்த மாடி அறையில் வந்து உட்கார்ந்தாள். தொழில் கற்றாள், கூடவே கறுவிக்கொண்டும் இருந்தாள். என்றைக்காவது ஒருநாள் இவன் இந்தப் படியேறி வருவான் என்று அவளுக்குத் தெரியும். டைல்ஸ் கடைக்காரன், கணக்கில் கெட்டி. தங்கை போட்டுக் கொடுத்தால் கமிஷன் மிச்சம் என்று வராமல் இருப்பானா?

வந்தான். அவனுடைய ஒரே மகள் வெளிநாட்டில் வேலையில் இருந்தாள், கல்யாணமும் அங்கேயே. அண்ணி முன்கூட்டியே அங்கே போயிருந்தாள். கடையை விட்டுவிட்டு நகர முடியாத இவன் கல்யாணத்துக்கு முந்தின நாள் போய் இறங்குவதாக ஏற்பாடு.

"சென்ட்டு, இந்த வேலையில நீ புலியாமே. மலிவா ஒண்ணு போட்டுக் கொடு பாப்போம்."

"ஒரே டிக்கெட்டாப் போட்டா விலை கூடும்ணா."

"தனித்தனியாப் போடு. எனக்கென்ன தெரியாதா? நடுவுல ஒன்றரை மணி நேரம் இருந்தாப் போதும்."

அவள் கை கீபோர்டு மேல் அப்படியே நின்றது. திரையில் அது இருக்கவும் இருந்தது. அதே ஊர், நடுவில் அதே ஒன்றரை மணி நேரம். அவன் வாயாலேயே கேட்கிறான், கேட்டதைப் போட்டுக் கொடுத்தாலே போதும். பெட்டிக்காக அவன் தவிப்பதும், மூடிய கவுண்டர் முன்னால் வாயைப் பிளந்து நிற்பதும், அந்த நேரத்தில் அங்கே மகள் கழுத்தில் மாலை ஏறுவதும் அவள் கண்ணுக்கு முன்னால் ஓடின. ஒரு நிமிஷம் உச்சி குளிர்ந்துவிட்டது.

ஆனால் அவளுக்கு அண்ணனைத் தெரியும். விமானம் போய்விட்டால் அதையும் ஒரு கதையாக்கிவிடுவான். 'சென்ட்டு போட்ட டிக்கெட், வேற எப்படி இருக்கும்' என்பான், ஊரே தலையாட்டும். இவனுக்கு நேரம் கொடுக்காமல் கெடுப்பது மடத்தனம். நேரத்தைக் கொடுத்துத்தான் கெடுக்க வேண்டும்.

காலையில் இறங்கி ராத்திரி கிளம்புகிற மாதிரி போட்டாள். அவன் திரையை எட்டிப் பார்த்துக் குதித்தான். "பகல் முழுக்க அங்க உக்காந்து நான் என்ன பண்றது?"

"பொண்ணு கல்யாணம்ணா. ரிஸ்க் எடுக்கலாமா?"

முணுமுணுத்துக்கொண்டே பணத்தைக் கொடுத்துவிட்டுக் காகிதங்களை மடித்துப் பைக்குள் வைத்தான். விமானம் மாறுகிற அந்த ஊருக்குள் நுழைய வேண்டிய அனுமதியையும் அவளே விசாக்காரரிடம் சொல்லி வாங்கிக் கொடுத்தாள். எந்தக் கட்டடம், எந்தத் தூண் ஓரம் பெஞ்சு இருக்கும் என்பதுவரை விளக்கிச் சொன்னாள். தங்கைக்குப் பாசம் பொத்துக்கொண்டு வருகிறது என்று அவன் நினைத்திருக்க வேண்டும்.

அவன் கிளம்பிய மறுநாள், வெயில் மேசைக்கு வந்த நேரத்தில் அவளே போன் போட்டாள்.

"பெட்டி வந்துச்சா?"

"வந்துச்சு வந்துச்சு. அப்பப்பா, என்ன வரிசை! நீ சொன்ன பெஞ்சுல உக்காந்திருக்கேன். இரும்பு, முதுகு ஒடியுது. கவுண்டர் சாயங்காலம்தான் திறப்பாங்களாம்."

"நல்லது. அண்ணா, ஒரு விஷயம். ரெண்டாவது டிக்கெட் இன்னும் போடல."

பையைத் திறந்து காகிதத்தைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. "என்னது? காகிதம் கையில இருக்கே."

"அது இடம் பிடிச்சு வச்ச காகிதம். டிக்கெட் போடறது என் கையில இருக்கு. நான் இங்க ஒரு பட்டனத் தட்டினா நீ போவ. தட்டலைன்னா அங்கேயே கிட."

அவன் கத்தினான். பக்கத்தில் யாரோ திரும்பிப் பார்த்திருக்க வேண்டும், குரலை இறக்கிக்கொண்டு கெஞ்சினான். பிறகு மிரட்டினான். "என் பொண்ணுகிட்ட சொன்னா அவ ஒரு நிமிஷத்துல டிக்கெட் போடுவா."

"தாராளமா சொல்லு. அத்தை ஏன் இப்படிப் பண்ணாங்கன்னு கேப்பா. அதையும் சேத்துச் சொல்லு."

வசமாக மாட்டிக்கொண்டான். கார்டும் கிடையாது, பாஷையும் தெரியாது. பையில் இருப்பது பெண்ணுக்குக் கொண்டுபோகும் நகையும் கொஞ்சம் ரொக்கமும்.

"உனக்கு என்னதான் வேணும்?"

"குடும்ப குரூப்ல உன் குரல்ல பேசிப் போடு. அன்னைக்கு நடந்தத, நடந்த மாதிரி. பெரியம்மா கேக்கணும். எல்லாரும் கேக்கணும்."

அவன் போனை வைத்துவிட்டான். அவள் பதறவில்லை. வந்தவர்களுக்கு டிக்கெட் போட்டாள், தேநீர் குடித்தாள், விசாக்காரரின் அறுவை ஜோக்குக்கு வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள். எத்தனையோ வருஷம் பொறுத்தவளுக்கு ஒரு பகல் பெரிதா?

மத்தியானம் குரூப்பில் அவனுடைய முதல் பேச்சு வந்தது. 'அன்னைக்கு ஏதோ கொஞ்சம் குழப்பம் ஆயிடுச்சு, தங்கச்சி மேல முழுத் தப்பும் சொல்ல முடியாது' என்று மென்று முழுங்கியிருந்தான். அவள் உடனே கூப்பிட்டாள். "பூசி மெழுகாத. அழிச்சிட்டு மறுபடி பேசு."

இரண்டாவதில் டிராவல்ஸ்காரன் ஏமாற்றிவிட்டானாம். "அழி" என்றாள்.

"எல்லாரும் என்ன ஆச்சு, ஏன் அழிக்கிறேன்னு கேக்கறாங்கம்மா. மானம் போகுது."

"போகட்டும். என்னோடது போகும்போது நீ பக்கத்துலதான் நின்ன. ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லு, போதும். அன்னைக்கு அந்த டிக்கெட் யார் போட்டது?"

மறுமுனையில் அறிவிப்புச் சத்தமும் பெட்டிகள் உருளும் சத்தமும் கேட்டன. இந்தத் தடவை அவன் போனை வைத்தது சத்தமில்லாமல்.

வெயில் மேசையை விட்டு இறங்கிய பிறகு மூன்றாவது வந்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிப் போனைக் காதில் வைத்துக்கொண்டாள்.

'நான்தான் பேசறேன். அப்பாவுக்கு முடியாம இருந்தப்ப தங்கச்சிக்கு டிக்கெட் போட்டது நான். மலிவாக் கிடைச்சுதுன்னு தனித்தனியாப் போட்டேன். நடுவுல நேரம் பத்தாதுன்னு டிராவல்ஸ்காரன் சொன்னான், நான்தான் கேக்கல. அவ எந்தக் கடையிலயும் நிக்கல. ஓடித்தான் போயிருக்கா. எனக்குப் போன் பண்ணி அழுதா. என் மேல பழி வந்துடும்னு நான் கதை கட்டினேன்.'

இங்கே முடிந்துவிடும் என்று அவள் நினைத்தாள். முடியவில்லை. அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

'அப்பாகிட்டயும் அதத்தான் சொன்னேன். அவ ஏன் இன்னும் வரலைன்னு கேட்டுட்டே இருந்தார். கடை பாத்துட்டு விமானத்த விட்டுட்டாப்பான்னேன். அவர் நம்பல. எம் பொண்ணு அப்படிப் பண்ணமாட்டான்னார். அந்த டிக்கெட்ட யார்டா போட்டதுன்னு கேட்டார். நான் பதில் சொல்லல. மூஞ்சியச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கிட்டார். அதுக்கப்புறம் என்கிட்ட பேசவே இல்ல.'

அவள் போனை மேசைமேல் வைத்தாள். மறுபடி எடுத்து, அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் இன்னொரு தடவை கேட்டாள். இந்தப் பாவி, அப்பா அவளை நம்பினார் என்பதைக்கூட இத்தனை வருஷமாக அவளிடமிருந்து ஒளித்து வைத்திருந்தான். மற்றதையெல்லாம் ஒருவேளை மன்னிக்கலாம், இதை முடியாது. விசாக்காரர் "என்னக்கா?" என்றார். ஒன்றுமில்லை என்று கையை அசைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பெரியம்மாவின் பெயர் திரையில் வந்து அடித்து ஓய்ந்தது, மறுபடியும் அடித்தது. அவள் எடுக்கவில்லை, கிழவி காத்திருக்கட்டும். அதற்கடுத்து வந்தது அண்ணன்.

"சொல்லிட்டேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன். கவுண்டர் திறந்துட்டாங்க. இப்பவாவது டிக்கெட்டப் போடு."

"டிக்கெட் நீ பணம் கொடுத்த அன்னைக்கே போட்டாச்சு. உன் கையில இருக்கிறதுதான் டிக்கெட். போய் வரிசையில நில்லு."

"அப்போ பகல் முழுக்க என்னை எதுக்கு இந்தப் பாடு படுத்தின?"

"அப்பா கேட்டதுக்குப் பதில் சொல்ல உனக்கு நேரம் வேண்டாமா?" என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.