இடைவேளையில் நான் தூவிய தண்ணீர்

நாங்கள் குடியேறிய ஊரின் கர்லிங் விளையாட்டு மண்டபத்தில் பனித்தரையைப் பராமரிப்பது என் வேலை. துப்புரவுக்குத்தான் முதலில் சேர்ந்தேன். மூன்றாம் வருடம் தண்ணீர்த் தாங்கியை முதுகில் மாட்டிவிட்டார்கள். பின்னோக்கி நடந்தபடி பனியின்மேல் வெந்நீர்த் துளிகளைத் தூவவேண்டும். அவை சின்னச் சின்னப் பருக்களாக உறையும். அவற்றின் மேல்தான் கைப்பிடி வைத்த கனத்த கல் வழுக்கிப் போகும். தரையின் மறுமுனையில் வரைந்திருக்கும் வளையத்தின் நடுப்புள்ளிக்குக் கிட்ட நிற்கும் கல்லுக்கே புள்ளி.

ஆண்களுக்கான தேசியப் போட்டி எங்கள் மண்டபத்தில் நடந்தது. எங்கள் ஊர் அணி இறுதியாட்டம்வரை வந்துவிட்டது. ஒரு நாளும் இந்தப் பக்கம் வராத என் கணவர்கூட மூன்றாம் வரிசையில் இருந்தார்.

பாதி ஆட்டம் முடிந்தபோது நாங்கள் இரண்டு புள்ளி முன்னால். ஆனால் நான் பனியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு சனத்தின் மூச்சில் காற்று ஈரமாகி, பனியில் வெள்ளைப் படலம் பிடித்திருந்தது. கற்கள் இழுபட்டு நின்றன.

எங்கள் அணித் தலைவர், ஊர் பேக்கரிக்காரர், அதைக் கண்டுவிட்டார். என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தி ஜெர்மன் மொழியில் சொன்னார்: "எங்களுக்கு இது பழகிவிட்டது. அப்படியே விடு."

"ஏலாது" என்று தமிழில்தான் வாயில் வந்தது. பிறகு அவருக்கு விளங்கும் மொழியில் சொன்னேன். நடுவரிடம் போனேன். அவர் குனிந்து பார்த்துத் தலையசைத்தார். படலத்தைச் சுரண்டி, புதிதாகத் தூவினேன். பேக்கரிக்காரர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அதன்பின், மந்தமான தரைக்குப் பழகிவிட்ட எங்கள் அணியின் கற்கள் வளையத்தைத் தாண்டி ஓடின. இரண்டு புள்ளி முன்னிலையும் போய்விட்டது. தடுப்புக்கு அருகே நின்ற என்னிடம் கணவர் இறங்கி வந்தார்.

"என்னப்பா செய்தனீர்? எல்லாம் வழுக்கிக்கொண்டு போகுது."

"சும்மா இருங்கோ. ரெண்டு பேருக்கும் ஒரே ஐஸ்தான்."



கடைசிச் சுற்றில் சமநிலை. கடைசிக் கல் பேக்கரிக்காரருடையது. எதிரணியின் கல் நடுப்புள்ளியை ஒட்டி நின்றது, அதற்கு முன்னால் மறைப்பாக இன்னொன்று. அவர் கல்லை மெதுவாக விட்டார். அவருடைய அணியினர் இரண்டு பேர் கல்லுக்கு முன்னால் ஓடி, அது தூரம் போகவென்று பனியைத் தூரிகையால் தேய்த்தார்கள். பாதித் தூரத்தில் அது நேரே மறைப்பில் மோதப்போவதுபோல் இருந்தது. பிறகு வளைந்தது. வளைந்துகொண்டே போய், மறைப்பைத் தொடாமல் கடந்து, எதிரணியின் கல்லை மெல்லத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் நின்றது.

மண்டபமே எழுந்து கத்தியது. வேலையாட்கள் யாருக்காகவும் கத்தக்கூடாது என்பது விதி. நான் தடுப்பில் ஏறி நின்று கத்தினேன். நடுவர் பார்த்தும் பாராதவர்போல் திரும்பிக்கொண்டார்.

பேக்கரிக்காரர் வியர்த்து ஒழுக என்னிடம் வந்தார்.

"பழைய தரையில் அந்தக் கல் பாதியிலேயே நின்றிருக்கும்" என்றார். கைகுலுக்கக் கை நீட்டியவர், கட்டிப்பிடித்து அழுதுவிட்டார். கணவர் பக்கத்தில் வந்து நின்று, தன் முறைக்காகக் காத்திருந்தார்.