வெளிச்சத்தில் பிடித்த படம்

அக்காவின் எம்.ஆர்.ஐ. படம் இன்னும் அவள் வீட்டு ஷோகேஸில்தான் நிற்கிறது. தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு யார் வந்தாலும் முதலில் கண்ணில் படுவது அதுதான். ஒரு காலத்தில் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

அக்கா என் கூடப் பிறந்தவள் அல்ல. என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. தெஹியோவிட்டப் பக்கத்து றப்பர் தோட்டமொன்றின் புகையறையில் இரண்டு பேருக்கும் ஒரே வேலை. புகையில் காய்ந்த றப்பர் ஷீட்டைக் கண்ணாடி மேசையில் விரித்து, கீழிருந்து வரும் வெளிச்சத்தில் பார்ப்போம். கறுப்பாகத் திட்டோ புள்ளியோ தெரிந்தால் கத்தரியால் வெட்டி எடுத்துவிட வேண்டும். தேன் நிறத்தில் பளிச்சென்று இருந்தால் ஒண்ணாம் நம்பர். கத்தரி பிடித்துப் பிடித்து என் வலது கை விரல்கள் மதமதத்துப் போகும். தூக்கத்தில் விழித்துக் கையை உதறுவேன். "வேல செய்ற கைன்னா அப்புடித்தான் இருக்கும்" என்று வீட்டுக்காரர் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

பிறகுதான் அக்காவுக்கு இடது காலில் ஊசி குத்துவது போல இருக்கிறது என்று பேச்சு வந்தது. கொழும்பில் வேலை செய்யும் அவள் மகன் அந்தக் கிழமையே வந்து கூட்டிப்போய் முதுகை ஸ்கேன் எடுத்துவிட்டான். டாக்டர் சொன்னதில் பாதியை, மாத்திரை போட வேண்டும் என்பதை மட்டும், சொல்லிவிட்டுப் போனான். மீதியை நாங்களே பார்த்துக்கொண்டோம். சோத்து நேரத்தில் அக்கா படத்தைக் கொண்டுவந்து எங்கள் கண்ணாடி மேசையில் விரித்தாள். முதுகெலும்புகளுக்கு நடுவே மூன்று இடத்தில் கறுப்பு.

"இந்தா பாரு தங்கச்சி, மூணு எடத்துல கருகிப் போச்சு."

எல்லோரும் "அனே, பாவம்" என்று வாயில் கைவைத்தார்கள். கணக்கப்பிள்ளை அவள் உட்கார ஸ்டூல் கொண்டுவந்து போட்டார். அவள் வீட்டுக்கு ஆட்டுக்கால் சூப் போனது. அவளுக்கு முந்தியே மரத்துப்போன என் கையை ஒரு ஆள் ஏனென்று கேட்கவில்லை. அவள் நடக்கும்போது இடது காற்செருப்பு கழன்று பின்னால் கிடக்கும். அவளோ தெரியாதது போலப் போய்க்கொண்டிருப்பாள். பெண்கள் ஓடிப்போய் எடுத்து மாட்டிவிடுவார்கள். என்ன நடிப்பு என்று பல்லைக் கடித்துக்கொள்வேன். "ஒனக்கென்ன தங்கச்சி, நீ குடுத்து வச்சவ" என்பாள் என்னிடம். அதைக் கேட்டால் இன்னும் எரியும்.

வீட்டில் சண்டை பிடித்து, அவிசாவளை ஆஸ்பத்திரிக்கு அலைந்து, கடைசியில் எனக்கும், கை நரம்பு கிளம்பும் இடம் என்று கழுத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். ஸ்கேன் மெஷினின் குழாய்க்குள் டமடமவென்ற சத்தத்தில் கிடந்தபடி நான் சாமியிடம் வேண்டியது இதுதான்: அவளுக்கு மூன்று என்றால் எனக்குக் குறைந்தது நாலு இருக்க வேண்டும்.

டாக்டர் யாழ்ப்பாணத்துப் பெண். படத்தைப் பார்த்துவிட்டு, "கழுத்தில ஒண்டும் இல்லையம்மா" என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அப்ப நான் பொய் சொல்றேங்கிறீங்களா?"

"ஆர் சொன்னது பொய் எண்டு? எந்தெந்த விரல் விறைக்குது?"

பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரலைக் காட்டினேன். சின்ன விரல் நன்றாக இருந்தது. அவர் என் மணிக்கட்டை மடித்துப் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் அதே மதமதப்பு.

"நரம்பு நெரிபடுறது இந்த மணிக்கட்டில. கழுத்தைப் படம் எடுத்தா இது எப்பிடித் தெரியும்?"

படுக்கும்போது கட்டிக்கொள்ள ஒரு கைப்பட்டி எழுதித் தந்தார். அதோடு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் வயிற்றெரிச்சல் விடுமா? அக்காவின் மூன்று கறுப்பைப் பற்றிக் கேட்டேன்.

"கறுப்பெண்டால் அந்த இடம் காய்ஞ்சு போச்சு எண்டு அர்த்தம். தலை நரைக்கிற மாதிரி, வயசு போனா கனபேருக்கு வரும். பிதுங்கி நரம்பை நெரிக்குதோ, கால் பலம் குறையுதோ எண்டுதான் பாக்க வேணும்." பிறகு ஏதோ நினைத்தவராக, "நடக்கேக்க செருப்பு தன்ரபாட்டில கழண்டு போகுதோ?" என்றார்.



அன்றைக்கே அக்காவின் மகனுக்குப் போன் போட்டு, செருப்பு கழல்வதைச் சொன்னேன். கொழும்பில் ஆபரேஷன் நடந்தது. ஊசி குத்துவது நின்றது. ஆனால் பாதத்தை முன்போலத் தூக்க முடியவில்லை. அக்கா வேலையை விட்டுவிட்டாள். கம்பூன்றித்தான் நடக்கிறாள். நான் கைப்பட்டியோடு தூங்கி எழுந்து, காலையில் மேட்டில் விறுவிறுவென்று ஏறிப் புகையறைக்குப் போகிறேன். அவள் வாசலில் உட்கார்ந்து என் காலையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

போன ஞாயிற்றுக்கிழமை கம்போடு வந்து நின்றாள். "ஒன் படத்தக் கொஞ்சம் காட்டேன் தங்கச்சி." பெட்டிக்கு அடியில் கிடந்ததை எடுத்துக் கொடுத்தேன். வாசல் வெயிலில் பிடித்து, அந்தக் காலத்தில் ஷீட் பார்ப்பது போலவே, மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"ஒண்ணாம் நம்பர்" என்றாள்.

அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ நாள் கண்ணாடியில் பார்த்த என் முகம்தான் அது. படத்தை வாங்கக் கையை நீட்டினேன். அவள் விடவில்லை.