ஊருணிக் கரைத் தூண்

காரைக்குடியிலிருந்து கிளம்பும் எங்கள் பஸ் அந்த வளைவில் திரும்பும்போது பெண்கள் முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொள்வார்கள். தூங்கி வழிகிறவரைக்கூடப் பக்கத்தில் இருப்பவர் தட்டி எழுப்பி, "அந்த ஊரு வந்துருச்சு" என்பார். ஓடுகிற பஸ்ஸில் எவன் ஏறி வந்து சங்கிலியை அறுக்கப் போகிறான் என்று எனக்குக் கோபம் கோபமாக வரும். நான் மட்டும் என் சங்கிலியை எடுத்து வெளியே தெரியும்படி போட்டுக்கொள்வேன். பக்கத்து சீட்டு அம்மாள் என்னைக் கிறுக்கி என்று நினைத்திருப்பார்.

அந்த ஊரின் ஊருணியில்தான் நான் செத்துப் பிழைத்தேன்.

அப்போது நான் காலேஜில் முதல் வருஷம். மாதா கோவில் திருவிழாவுக்கு எங்கள் பங்கு ஜனங்கள் ஒரு பஸ்ஸை வாடகைக்குப் பிடித்துப் போயிருந்தோம். திரும்பி வரும்போது நல்ல மழை, இருட்டிக்கொண்டு வந்தது. ஜெபமாலை சொல்லி முடித்த கையோடு என் சின்னம்மா முறுக்குப் பையைப் பிரித்தார். அவ்வளவுதான் எனக்கு நினைவு. வளைவில் பஸ் சறுக்கி, கரையை உடைத்துக்கொண்டு தண்ணீருக்குள் கவிழ்ந்தது. யாரோ என் பின்னலைப் பிடித்து இழுத்தார்கள். கரையில் கிடத்தப்பட்டபோது, "மூச்ச விடு தாயி, விடு" என்று ஒரு பெண் குரல் என்னை அதட்டியது. முகத்தைப் பார்க்கவில்லை. சின்னம்மா வரவில்லை. அவரோடு இன்னும் பலரும் வரவில்லை.

டிரைவர் குடித்திருந்தார் என்று ஒரு கட்சி. கரைக்குச் சுவர் கட்டச் சொல்லி ஊர்க்காரர்கள் மனு மேல் மனு கொடுத்தும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று இன்னொரு கட்சி. டிரைவரும் செத்துப்போனதால் அந்த வழக்கு இழுத்துக்கொண்டே கிடந்தது. ஆனால் ஜனங்கள் மனதில் ஒட்டிக்கொண்டது மூன்றாவது கதை. காப்பாற்ற வந்த ஊர்க்காரர்கள் பிணங்களின் கழுத்திலிருந்து நகையைக் கழற்றினார்கள் என்று ஒரு பேப்பரில் வந்துவிட்டது. போலீஸ் வீடு வீடாகப் புகுந்து அடுக்குப்பானையை எல்லாம் கவிழ்த்துப் பார்த்தது. ஒன்றும் கிடைக்கவில்லை.

அடுத்த கோடையில் ஊரே சேர்ந்து ஊருணியை இறைத்துச் சேற்றை அள்ளியபோது நகைகள் கிடைத்தன. அப்படியே கொண்டுபோய் ஸ்டேஷனில் கொடுத்தார்கள். சின்னம்மாவின் தாலிச் சங்கிலி அப்படித்தான் சித்தப்பா கைக்கு வந்தது. இது எந்தப் பேப்பரிலும் வரவில்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

எனக்கு அந்த ஊரில் இறங்கி நன்றி சொல்ல வேண்டும் என்று ஆசை. அம்மா விடவில்லை. தங்கையைக் கொண்டுபோன தண்ணீர் மூத்த மகளையும் கேட்கும் என்று அவருக்குப் பயம். கல்யாணமாகிக் காரைக்குடி செக்காலைக்கு வந்து, நானும் டீச்சராகி, தொண்ணூறுகளின் நடுவில்தான் அது வாய்த்தது. அந்த வருஷம் கல்லறைத் திருநாள் அன்று சின்னம்மா கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, ஊருணிக்கும் போகலாம் என்றேன். வானத்தைப் பார்த்தார் என் வீட்டுக்காரர். பேங்கில் வேலை பார்ப்பவர், எதையும் யோசித்துத்தான் செய்வார். நான் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்த பிறகு அவருக்கு யோசிக்க ஒன்றும் மிச்சமில்லை.

கரைக்கு இப்போது சுவர் கட்டியிருந்தார்கள். சாகிறவர்கள் செத்த பிறகு கட்டிய, நல்ல உறுதியான சுவர். அதற்குப் பக்கத்தில் இறந்தவர்களின் குடும்பங்கள் சேர்ந்து நட்ட கருங்கல் தூண். உச்சியில் சிலுவை. டிரைவரும் கிளீனரும் இந்துக்கள் என்பதால் கீழே ஒரு விளக்கு மாடம். நடுவில் பெயர்கள். சின்னம்மா பெயரை விரலால் தடவிப் பார்த்தேன். தண்ணீரில் குதித்தவர்களைப் பற்றி ஒரு வரிகூடத் தூணில் இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆனால் தூணைச் சுற்றிப் பெருக்கியிருந்தது. மாடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு புதிதாக இருந்தது. எங்கள் ஆட்கள் வருஷத்துக்கு ஒரு முறை எட்டிப் பார்ப்பதே பெரிது. யார் இதைச் செய்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டே மெழுகுவத்தி ஏற்றினேன். காற்று அணைத்துக்கொண்டே இருந்தது.

"மாடத்துக்குள்ள வைங்க. அங்குட்டுக் காத்து அடிக்காது."

இடுப்பில் குடத்தோடு ஒரு பெண் நின்றிருந்தார். நாற்பதைத் தாண்டியிருக்கும்.

"செத்தவுகளுக்கு நீங்க என்ன வேணும்?"

"எங்க சின்னம்மா பேரு இதுல இருக்கு. நானும் அந்த பஸ்லதான் வந்தேன்."

அவர் முகம் சட்டென்று இறுகியது. "கேசெல்லாம் முடிஞ்சு போச்சே. இன்னும் என்ன கேக்க வந்திருக்கீக?"

"கேக்க ஒண்ணும் வரலக்கா. என்னைத் தூக்கிப் போட்டது இந்த ஊருதான். கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

அவர் குடத்தை இறக்கிவைத்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். என் பின்னலைப் பிடித்து இழுத்த பெண்ணைத் தெரியுமா என்று கேட்டேன்.

"எல்லாரையும் முடியைப் பிடிச்சுத்தான் இழுத்தோம். கையைக் குடுத்தா எங்களையும் சேத்துல்ல முக்கிருவீக." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "நானா இருக்கலாம். எங்க நாத்தனாளா இருக்கலாம். யாரு கண்டா? நான்தான்னு வச்சுக்கங்களேன், அவ கெடக்கா."

கண் கலங்கி நின்ற நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அப்புறம் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நன்றாகவே அழுதேன். எத்தனை வருஷமாகச் சுமந்த நன்றி, கொஞ்சமாகவா வரும்?

விளக்குப் போடுவதும் அவர்கள்தான். "வெள்ளிக்கெழமதோறும் ஒரு வீட்டு மொறை. எங்க தண்ணியில போன உசுருல்ல?" என்றார். எங்கள் பக்கத்து ஊர்களில் குடிக்கிற ஊருணிக்குள் கால் வைக்க மாட்டார்கள், கரையிலேயே செருப்பைக் கழற்றிவிடுவார்கள். அப்படிக் காத்த தண்ணீரில் பஸ் விழுந்தது. அதன் பிறகு இரண்டு கோடைகள் அந்தத் தண்ணீரைக் குடிக்க மனம் வராமல், கம்மாய்க்குள் ஊற்றுத் தோண்டிக் குடித்திருக்கிறார்கள். எங்களுக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது.

வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கடுங்காப்பி கொடுத்தார். உள்ளே அவர் மகள் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

"இவளுக்குப் பாத்துட்டீங்களா?" என்று சும்மாதான் கேட்டேன்.

அக்கா குரலைத் தாழ்த்தினார். புதுவயலிலிருந்து ஒரு குடும்பம் வந்து பெண் பார்த்திருக்கிறது. பையன் ரைஸ் மில்லில் பிட்டர். பெண்ணைப் பிடித்துவிட்டது, பையனுக்கும் சம்மதம். அதன் பிறகு யாரோ ஊரைப் பற்றி ஓதியிருக்கிறார்கள். பேச்சு மூச்சில்லை.

"இவளுக்கு வந்து நின்னுபோனது இது மொதத் தடவ இல்ல. அவுக கேக்குறதும் நாயந்தானே. பொணத்துல உருவுன ஊருன்னா யாரு பொண்ணெடுப்பா? அன்னைக்கு இவ தொட்டில்ல கெடந்தா. இவளை அழுகப் போட்டுட்டுத்தான் நான் குதிச்சேன்."

நான் உயிரோடு வந்து, படித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் பண்ணிக்கொண்டேன். என்னை இழுத்துப் போட்டவர் மகளுக்கு அதனாலேயே கல்யாணம் நிற்கிறது. புதுவயலில் மாப்பிள்ளை வீடு எங்கே என்று கேட்டேன்.

"வேணாந் தாயி. நாங்க சொல்லிவிட்டு வந்ததா நினைப்பாக."

"நினைச்சா நினைக்கட்டும்."

வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர், "இனி தரகர் வேலையும் பார்க்கணுமா?" என்றார். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணி வைக்கலாம் என்பார்கள். எனக்கு ஒரே ஒரு உண்மையைச் சொன்னால் போதும் என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஸ்கூட்டர் புதுவயலுக்குத் திரும்பியது. பாவம், அவர் வாயே திறக்கவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா வாசலில் அவித்த நெல்லைக் காலால் துழாவிக்கொண்டிருந்தார். கனத்த உடம்பு, கறாரான கண். நான் யார் என்று சொன்னதும் உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் கோபம் ஆறிவிடும்.

"அந்த பஸ்ல நான் இருந்தேம்மா. என் கழுத்துல இதே சங்கிலிதான் கிடந்துச்சு. என்னை இழுத்த கைக்குக் கழுத்து எட்டாமலா இருந்துச்சு? அவுங்க பிடிச்சது என் முடியை. கரையில ஏத்திப் போட்டப்பவும் சங்கிலி அப்படியே கிடந்துச்சு. நான் மயங்கித்தானே கிடந்தேன், கழட்டியிருந்தா எனக்குத் தெரியவா போகுது? சேத்துல கிடைச்ச எங்க சின்னம்மா தாலியைக்கூடக் கொண்டுபோய்க் குடுத்தாங்க."

"அப்ப பேப்பர்ல போட்டிருந்தது?"

"பேப்பர்காரர் முங்கலம்மா. நான் முங்குனேன்."

அந்த அம்மா நெல்லை இன்னும் ஒரு தரம் துழாவினார். பிறகு, "மோர் குடிக்கிறீகளா டீச்சர்?" என்றார். குடித்துவிட்டு வந்தோம். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. காரியத்தைக் கெடுத்துவிட்டேனோ என்று அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கிறிஸ்துமஸ் போயிற்று, பொங்கல் போயிற்று. பிறகு ஒரு நாள் அக்காவே செக்காலைக்கு வந்து, தை முடிவதற்குள் பரிசம் போட வருகிறார்கள், நீங்கள் கட்டாயம் வர வேண்டும் என்று வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்டார்.

பரிசத்தன்று மாப்பிள்ளை வீட்டார் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். நான் வந்தவர்கள் கழுத்தைத்தான் பார்த்தேன். மூடியிருக்கிறார்களா, திறந்திருக்கிறார்களா என்று. என் புத்தி அப்படி. மாப்பிள்ளையின் அம்மா பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். பந்தலுக்குள் நுழைந்தபோதே குழந்தை தூங்கிவிட்டது. பாயில் படுக்கவைத்து, அதன் கழுத்திலிருந்த சங்கிலியைக் கழற்றி அக்காவிடம் நீட்டினார்.

"சம்மந்தி, இது புள்ள கழுத்தை அறுக்குது. உள்ள வச்சிருங்க. போறப்ப வாங்கிக்கிறேன்."

பந்தலில் இருந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் திரும்பி அந்தச் சங்கிலியைப் பார்த்தார்கள். அக்கா கையைச் சேலையில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். போனவர் வரவில்லை. எட்டிப் பார்த்தால், ட்ரங்குப் பெட்டியைப் பூட்டிச் சாவியைக் கையில் இறுக்கிக்கொண்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். தட்டு மாற்றுவதற்கு அவரைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு வந்தேன். மாற்றியதும் மறுபடி பெட்டியிடம் போய்விட்டார். மகளுக்குப் பூ வைத்ததையாவது ஒழுங்காகப் பார்த்தாரோ என்னவோ.

சாப்பாடு முடிந்து, சொல்லிக்கொண்டு எல்லாரும் ஏறி வேன் கிளம்பியது. குழந்தை பாட்டி தோளிலேயே தூங்கிக்கொண்டிருந்தது. யாரும் எதையும் கேட்கவில்லை. கையசைத்துக்கொண்டிருந்த அக்கா திடீரென்று அலறிக்கொண்டு உள்ளே ஓடினார். சங்கிலியை எடுத்துக்கொண்டு ரோட்டில் பாய்ந்தார். "சம்மந்தீ! சங்கிலி! சங்கிலி!" அவர் பின்னால் நான், என் பின்னால் அந்த ஊரில் பாதி. வேன் நின்றது.

மாப்பிள்ளையின் அம்மா ஜன்னல் வழியாகக் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். "இதுக்கா இந்த ஓட்டம் ஓடி வாரீக? நம்ம வீட்டுலதானே இருக்குன்னு நினைச்சேன்" என்றார்.

வேன் போய்விட்டது. அவர் நிஜமாகவே மறந்தாரா என்று நான் இன்றுவரை கேட்டதில்லை. அக்கா மூச்சு வாங்க நடுரோட்டிலேயே நின்றார்.

"நம்ம வீடுன்னு சொன்னாக. கேட்டியா தாயி?" என்றார்.

கேட்டேன் என்றேன்.