வெந்நீரை நிறுத்தச் சொன்ன சகுந்தலா சிஸ்டர்

செவ்வாய்க்கிழமை ஆபீஸ் பஸ்ஸுக்குக் கிளம்பும் நேரத்தில் போன் வந்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரி ஒன்றின் தோல் பிரிவில் நெடுங்காலம் செவிலியராக இருந்து ஓய்வு பெற்ற சகுந்தலா சிஸ்டர் மாரடைப்பால் காலமாகிவிட்டார் என்று அவர் மகன் சொன்னார். அன்று நான் வேலைக்குப் போகவில்லை.

தெரிந்தவர்களுக்கு சிஸ்டரின் வாய் தெரியும். டாக்டரையே, "இருங்க சார், அந்தம்மா இன்னும் சொல்லி முடிக்கல" என்று நிறுத்திவைப்பார். தெரியாதவர்களுக்காக என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே அணு ஆராய்ச்சி வேலையில் இருந்தேன். மகள் கயலுக்கு ஒன்றரை வயது. முழங்கை மடிப்பும் முழங்காலின் பின்புறமும் சிவந்து, சொறிந்து சொறிந்து நீர் வடியும். களிம்புக்கு அடங்கும், பத்து நாளில் திரும்ப வரும். அக்கம்பக்கத்தார் கரப்பான் என்றார்கள். கத்தரிக்காய், கருவாடு, முட்டை எல்லாம் நின்றன. எனக்கோ வேறு பயம். வேலையிலிருந்து கதிரியக்கத் தூசி எதையோ உடம்பில் கொண்டுவந்து பிள்ளைக்கு ஒட்டிவிட்டேன் என்று நினைத்தேன். வேலையிடத்து வாசலில் எங்களைச் சோதிக்கும் கருவி தினமும் சுத்தம் என்றுதான் காட்டியது. படித்த படிப்பெல்லாம் அந்தப் பயத்திடம் செல்லுபடியாகவில்லை.

அந்தத் தூசி பட்டால் கழுவ வேலையில் கற்றுத்தந்த தேய்ப்பை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். காலையும் மாலையும் சுடச்சுட வெந்நீர், கிருமிநாசினி சோப்பு. குளிப்பாட்டுவது என் மனைவி வசந்தி. நான் குளியலறை வாசலில் நின்று இன்னும் தேய் என்பேன். குழந்தையைத் தொடமாட்டேன். பத்து மாதம் தூக்கவேயில்லை. கடைசியில் வசந்தி மதுரைக்கு, அம்மா வீட்டுக்கு, வெள்ளிக்கிழமை வண்டியில் டிக்கெட் எடுத்துவிட்டாள். போனால் திரும்பமாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது.

வியாழக்கிழமை செங்கல்பட்டு போனோம். டாக்டர் கூப்பிடும் முன் சிஸ்டர் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். என்ன துணி, வியர்த்தால் துடைக்கிறோமா, கம்பளி போர்த்துகிறோமா, குளியல் எப்படி. குளியலைப் பற்றிச் சொல்லும்போது என் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அவர் எழுதுவதை நிறுத்தினார்.

"தோலு ஏற்கெனவே காஞ்சி கீது சார். இருக்கற பசையையும் ரெண்டு வேளையும் நீங்களே உரிச்சிகினு இருந்தா புண்ணு எப்பிடி ஆறும்?"

எந்தச் சாப்பாட்டுக்கு அரிப்பு ஏறுகிறது என்று பார்க்காமலே பிள்ளையைப் பட்டினி போட்டதற்கும் திட்டு விழுந்தது. அப்போது வசந்தி, நான் குழந்தையைத் தூக்குவதே இல்லை என்று சொல்லி அழுதுவிட்டாள். சிஸ்டர் காரணம் கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கயலை வாங்கி என்னிடம் நீட்டினார்.

"இது ஒட்டற நோவு இல்ல. உங்க வேலையிலேந்து வந்ததும் இல்ல. புடிங்க சார்."

பிடித்தேன். கயல் என் சட்டைப் பையிலிருந்த பேனாவை இழுத்தாள்.

சிஸ்டர் சொன்னதையே டாக்டரும் சொல்லி மருந்து எழுதினார். வெதுவெதுப்பான நீரில் சிறு குளியல், ஈரம் காயுமுன் களிம்பு, பருத்தித் துணி. வசந்தி டிக்கெட்டை ரத்து செய்தாள். நோய் அடியோடு போய்விடவில்லை. சித்திரை வியர்வைக்கு வரும், பரீட்சைக் கவலைக்கு வரும். அப்போதெல்லாம் சிஸ்டரிடம் ஓடுவோம். "இப்ப இன்னா மாத்துனீங்க?" என்பார் முதலில்.

நேற்று அவரை வழியனுப்பிவிட்டுத் திரும்பும் பஸ்ஸில், கல்லூரியில் படிக்கும் கயல், ஏன்பா இவ்வளவு அழுகிறீர்கள் என்று கேட்டாள். சிஸ்டரும் வசந்தியும் இத்தனை வருடம் அவளிடம் சொல்லாததை, பத்து மாதம் நான் அவளைத் தொடாமல் இருந்ததை, நானே சொன்னேன். கயல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திருக்கழுக்குன்றம் தாண்டிய பிறகு மெதுவாக என் தோளில் சாய்ந்தாள்.

இவளை என்னிடம் கொடுத்தவர் நீங்கள். நிம்மதியாகப் போய் வாருங்கள், சிஸ்டர்.