தலைமை நீதிபதிக்கு நான் எழுதாத வாழ்த்து

மயிலாகி வந்து பூசித்த அன்னையையும், அந்தப் பூசனைக்கு இரங்கி அவள் அருகே எழுந்தருளிய அப்பனையும் முதலில் வணங்குகிறேன். கண்டதைக் கூட்டாமலும் குறைக்காமலும் சொல்ல அவர்களே துணை. இன்று ஆவணித் திங்கள், வளர்பிறைத் திரயோதசி, சோமவாரத்தோடு கூடிவந்த பிரதோஷம். மனத்தில் நெடுநாளாகக் கிடந்த ஒன்றை எழுத இதைவிட நல்ல நாள் வாய்க்காது.

வேறு மாநிலத்திலிருந்து எங்கள் உயர் நீதிமன்றத்துக்கு வந்த தலைமை நீதிபதி ஒருவர் ஓராண்டுக்குள் ஊரின் செல்லப்பிள்ளை ஆகிவிட்டிருந்தார். அதிகாரிகளை அவர் மடக்கிக் கேட்ட கேள்விகள், காலை வணக்கப் படங்களோடு எங்கள் கைபேசிகளுக்கு வந்து சேரும். வழக்காட வந்த முதியவள் ஒருத்தியிடம், புதிதாகக் கற்ற தமிழில், "உட்காருங்கம்மா, மெதுவா சொல்லுங்க" என்று அவர் சொன்ன காணொளியைப் பார்க்காதவர் மயிலையில் இல்லை.

கைபேசியில் காண்பதை நான் எளிதில் நம்புகிறவன் அல்லன். ஆனால் ஒரு பிரதோஷத்தன்று அவரைக் கோயிலின் பொது வரிசையில் கண்டேன். சிறப்பு வழியில் அழைத்துப்போக வந்தவர்களிடம் அவர் தலையசைத்து மறுத்தார். தூறலில் நனைந்தபடி முக்கால் மணி நேரம் நின்றார். நாங்கள் பதிகம் ஓதியபோது கண்களை மூடிக்கொண்டார். அன்று என் உள்ளம் நெகிழ்ந்தது.

எங்களுடையது குளக்கரைக்கு அருகே சிறு மண்டபம் ஒன்றில் பதிகங்கள் ஓதும் மன்றம். உறுப்பினர் பெரும்பாலும் எழுபதைக் கடந்தவர்கள். செயலர் வங்கியில் உயர்பதவி வகித்தவர். எனக்கு நாற்பதாண்டு நண்பர். ஆண்டுவிழாவைப் பற்றிப் பேசியபோது அவர்தாம் தொடங்கினார்.

"ஓய், இந்த வருஷம் தலைமை நீதிபதியை அழைக்கணும். வாழ்த்துப்பா நீர் எழுதறீர்."

"நான் மனுஷாளைப் பாடறதில்லைன்னு தெரியுமோல்லியோ?"

"தெரியாம என்ன? என் சதாபிஷேகத்துக்கே எழுத மாட்டேன்னுட்டீரே! ஆனா இவர் மனுஷரா ஓய்? தர்ம தேவதை."

இறைவனைத் தவிர எவர்மேலும் பாட்டுக் கட்டுவதில்லை என்பது ஐம்பதாண்டுகளாக நான் காத்துவந்த நெறி. ஆயினும் அன்று என் வாய் மறுக்கவில்லை. அழைப்பு போயிற்று, வருவதாக அவர் அலுவலகத்திலிருந்து இசைவும் வந்தது.

விழாவுக்குப் பத்து நாள் இருக்கையில் மாலைக்குச் சொல்லி வைக்கப் போனேன். மண்டப வாசலை ஒட்டிய நடைமேடையில், பலகை ஒன்றைப் போட்டு ஒரு பெண்மணி பூக்கட்டி விற்கிறாள். மன்றத்துக்கு மாலை எப்போதும் அவளிடந்தான்.

"நல்ல ரோஜா மாலையா ஒண்ணு வேணும்மா. பெரிசா இருக்கட்டும்."

"யாருக்கு சாமி, மாப்ளைக்கா? இந்த வயசுல பொண்ணு கட்றியா?" என்று சிரித்தாள்.

"தலைமை நீதிபதி வரார்மா, நம்ம மன்றத்துக்கு."

நாரைச் சுழற்றிய விரல்கள் நின்றன. "எங்கேசு அவரு கோர்ட்டுலதான கீது?"

முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. முந்தைய மழைக்காலத்தில் அவள் பலகையருகே கிடந்த ஈர இலைகளில் வழுக்கி எங்கள் உறுப்பினர் ஒருவர் இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அதன்பின் வாசலை ஒழுங்குபடுத்தித் தரும்படி, அதாவது நடைமேடைக் கடையை எடுக்கும்படி, மாநகராட்சிக்கு உத்தரவிடக் கோரி மன்றம் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்தது. அதில் அவள் பெயர் இல்லை. ஆகவே நாங்கள் அதை 'மாநகராட்சி விஷயம்' என்றே சொல்லிவந்தோம். இலவச சட்ட உதவியில் அமர்ந்த வழக்கறிஞர் மூலம் அவள் தன்னையும் அதில் சேர்த்துக்கொண்டதும், அது தலைமை நீதிபதியின் அமர்வில் நிலுவையில் இருப்பதும் எங்கள் காதில் விழாமல் இல்லை. ஆனால் ஒரு மனிதர்மேல் வழக்குத் தொடுத்திருக்கிறோம் என்ற எண்ணமே எங்களில் எவருக்கும் தோன்றவில்லை. மனுவில் என் கையெழுத்தும் உண்டு.

"அவரு நல்லவருன்னு எம் பொண்ணு போன்ல காட்டுனா. நானும் கையெடுத்துக் கும்புட்டேன்," என்றாள். "நீங்கோ மாலை போட்டு பாட்டுப் பாடுவீங்கோ. அவரு சிரிச்சுக்கினு போட்டோவுக்கு நிப்பாரு. அடுத்த வாரம் எங்கேசு கூப்புட்டா, அவரு மூஞ்சியப் பாத்து நான் இன்னா நெனைக்கறது? நீயே சொல்லு."

அவள் மறுபடியும் நாரை எடுத்தாள். "தொழிலு வேற, இது வேற. எத்தினி மொழம்?"

பிறகு சொல்வதாகக் கூறி உள்ளே போனேன். செயலரிடம் சொன்னபோது அவர் முகம் சுளித்தார். "அதுக்கும் இதுக்கும் என்ன ஓய் சம்பந்தம்? சுவாமி சந்நிதி மரியாதை பண்றோம். சும்மா குழப்பாதேயும்."

அன்றிரவு வாழ்த்துப்பாவுக்கென வைத்திருந்த தாளில் கடிதம் எழுதினேன். எங்கள் மன்றத்தின் மனு ஒன்று தங்கள் அமர்வில் நிலுவையில் உள்ளது, அழைக்கும்போது இதைச் சொல்லத் தவறியது எங்கள் பிழை, என்று வழக்கு எண்ணோடு எழுதி, மறுநாள் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. விழாவுக்கு வர இயலாது. வர இசைந்துவிட்ட காரணத்தால் அவ்வழக்கையும் தாம் கேட்கப்போவதில்லை, அது வேறு அமர்வுக்குப் போகும் என்ற அளவில் நான்கு வரிகள். எங்கள்மேல் ஒரு குறைச் சொல்லும் இல்லை.

"காட்டிக் கொடுத்துட்டீரே ஓய்!" என்று செயலர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அதை நான் தாங்கிக்கொண்டேன். பூக்காரியின் சொல்லைத்தான் தாங்க முடியவில்லை.

"அடப்பாவி சாமி! அவரு கேப்பாருன்னுதான் தெகிரியமா இருந்தேன். இப்ப யாரோ ஒருத்தரு கையில கீது எம் பொயப்பு. எதுக்கு சாமி எழுதுன?"

வழக்கு வந்த அன்று மந்தைவெளியில் பேருந்து ஏறி நானும் நீதிமன்றம் போனேன். மனுச் செய்தவர்களில் ஒருவனாக எங்கள் வழக்கறிஞர் பின்னே அமர வேண்டியவன். கால் அங்கே செல்லாமல் கடைசி வரிசைக்குப் போயிற்று. அவள் எனக்கு நாலு நாற்காலி தள்ளி, சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டியபடி இருந்தாள்.

விசாரித்த நீதிபதியை எந்தக் காணொளியிலும் நான் கண்டதில்லை. இருமிக்கொண்டே காகிதங்களைப் புரட்டினார். பலகையை எடுத்துவிட்டால் அந்த அம்மாள் எங்கே உட்காருவார் என்று மாநகராட்சி வழக்கறிஞரைக் கேட்டார், அவர் கோப்பில் தேடத் தொடங்கினார். அதே தெருவில் வேறிடம் தரும்வரை அவளை அகற்றக்கூடாது, முதியவர்கள் நடக்கப் படிக்கட்டிலிருந்து மூன்றடி விட்டுப் பலகை போட வேண்டும், இலைகளை அவளே கூட்டி அள்ள வேண்டும் என்று உத்தரவாயிற்று. கால் மணி நேரங்கூட ஆகவில்லை. அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

வெளியே வந்ததும் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "இந்த ஜட்ஜு பேரு இன்னா சாமி?"

எனக்குத் தெரியவில்லை.

"நல்ல ஆளு சாமி நீ. பேரு தெரியாம யாருக்கு வேண்டிக்கினு நான் வெளக்கு போடறது?"

தலைமை நீதிபதி நம்மை அவமதித்துவிட்டார் என்று மன்றத்தில் சிலர் இன்னும் வருந்துகிறார்கள். அவரை ஊர் மெச்சுவது தகுமா என்று என்னைக் கேட்டால், தகும் என்றே சொல்வேன். வரிசையில் நனைந்ததற்காக அன்று மெச்சினேன். எங்கள் மண்டபத்துக்கு வராமல் போனதற்காக அதைவிடப் பன்மடங்கு மெச்சுகிறேன். ஆனால் இறைவனைப் பாடுவதுபோல் அவரைப் பாட என்னால் ஆகாது. நம் துதியால் இறைவனிடம் எதுவும் சாய்வதில்லை, நெகிழ்பவர் நாமே. இருதரப்பும் கேட்க அமர்ந்த மனிதருக்கோ, ஒரு தரப்பின் துதி சுமையாகிவிடும். அந்தச் சுமையை அவர் தோளில் ஏற்ற எழுதுகோல் எடுத்தவன் நான். அவர் அதை இறக்கி வைத்தார். மனுவில் கையெழுத்திடுமுன் அந்தப் பெண்ணிடம் நான் ஒரு சொல் பேசியிருக்கலாம் என்ற வருத்தம் மட்டும் என்னிடமே இருக்கிறது.

இதைப் படிப்போர் அனைவரும் நோயின்றி நெடிது வாழ்க. வழக்கு மன்றத்தில் நிற்க நேர்ந்தால் உங்களைப் பொறுமையோடு கேட்கும் செவி வாய்ப்பதாக. நீங்கள் நீதி சொல்லும் இடத்தில் அமர நேர்ந்தால் அதே செவியை அம்மையப்பன் உங்களுக்கு அருள்வானாக.