தெலுங்குக் காலி

போன திங்கட்கிழமை காலை ஒரு லாரிக்கும் எனக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது. அந்த ஒரு சாண் புண்ணியத்தில்தான் இந்த வாரப் பத்தி உங்கள் கைக்கு வந்திருக்கிறது.

வம்பு முந்தின நாளே தொடங்கிவிட்டது. என் பைக்கின் முன் பிரேக் ஆயில், டிகாஷன் நிறத்துக்கு வந்திருந்தது. மெக்கானிக்கிடம் விட்டிருக்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை, கையில் ஸ்பேனர், போனில் யூடியூப்... மூன்றும் ஒன்றாகக் கிடைத்தால் எந்தக் கணவன் சும்மா இருப்பான்?

வீடியோ பாதி ஓடும்போதே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. சக்கரத்துப் பக்கம் இருக்கும் நிப்பிளைத் திறந்து பழைய ஆயிலைச் சொட்டு விடாமல் வடித்தேன். மூடினேன். மேலே கைப்பிடி பக்கம் இருக்கும் டப்பாவில் புது ஆயிலை ஊற்றினேன். லீவரைப் பிடித்தால் – அது எந்த எதிர்ப்பும் காட்டாமல் கைப்பிடியோடு வந்து ஒட்டிக்கொண்டது.

பக்கத்து வீட்டு முனிராஜுவுக்குப் போன் போட்டேன். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை பார்க்கிறவர். வீட்டில் தெலுங்கு, கடைவீதியில் கன்னடம், என்னிடம் தமிழ். அவசரமென்றால் மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரும். மிஷின் சத்தத்துக்கு நடுவே கத்தினார்.

“உள்ள காலி இருக்குது சார். காலி இருந்தா பிரேக்கு புடிக்காது.”

காலியாக இருந்தால் என்ன செய்வோம்? நிரப்புவோம். தளும்பத் தளும்ப ஊற்றினேன். வழிந்த ஆயில் பெட்ரோல் டேங்க்கின் பெயின்டைக் கொஞ்சம் தின்றது. போகட்டும். லீவரைப் பத்துப் பதினைந்து முறை அழுத்தியதில் பிரேக் பிடிக்கிற மாதிரி இருந்தது. ‘மாதிரி’ போதாதா நமக்கு?

மறுநாள் என் மனைவி செல்வராணிக்கு முதல் ஷிப்ட். கம்பெனி பஸ் நிற்கும் இடம் வரை நான்தான் கொண்டுபோய் விடுவேன். விடியற்காலையிலேயே எழுந்து சமைத்துவிட்டு வருகிறவள்... என் முதுகில் தலையைச் சாய்த்து பத்து நிமிடம் தூங்கிக்கொண்டே வருவாள். அன்றும் அப்படித்தான். முன்னால் போன லாரி திடீரென்று நின்றது. லீவரைப் பிடித்தேன். ஒன்றுமே இல்லை. பின் பிரேக்கை மிதித்து, இரண்டு காலையும் தரையில் தேய்த்து... அதுதான் மேலே சொன்ன ஒரு சாண்.

செல்வராணி கத்தவில்லை. இறங்கினாள், டிபன் பையைச் சரிசெய்துகொண்டாள்.

“உங்கள நம்பித்தானங்க கண்ண மூடிக்கினு வரேன்” என்றாள். “நாளையிலிருந்து ஷேர் ஆட்டோவுல போய்க்கிறேன்.”

மீதி தூரத்தை நடந்தே போனாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

சாயங்காலம் முனிராஜு வந்தார். விடுவேனா? நீங்கள் சொன்னபடிதானே நிரப்பினேன் என்று பிடித்துக்கொண்டேன். அவர் விழித்தார். வாசலில் நின்ற செல்வராணிதான் முதலில் சிரித்தாள்.

“ஏங்க, தெலுங்குல காலின்னா காத்து.”

அவள் வேலை பார்க்கும் லைனில் பாதிப் பேர் தெலுங்கு, மீதியில் பாதி கன்னடம். இரண்டையும் பேசக் கற்றுக்கொண்டாள். ஓசூருக்கு வந்து பதினாறு வருஷத்தில் நான் கற்ற கன்னடம் ‘ஊட்டா ஆய்த்தா’, அதாவது ‘சாப்பிட்டாச்சா’, ஒன்றுதான். அதற்கு வருகிற பதிலும் புரியாது.

ஆக, குழாய்க்குள் காற்று. நாம் கொடுக்கிற அழுத்தமெல்லாம் அந்தக் காற்றை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும், சக்கரத்துக்குப் போய்ச் சேராது. எங்கள் ஊரில் தெரியாத வார்த்தையால் யாரும் கெட்டதில்லை. தெரியாவிட்டால் கேட்டுவிடுவோமே! தெரிந்த மாதிரி இருக்கிற வார்த்தைதான் கவிழ்த்துவிடும்.

முனிராஜு நிப்பிளில் உள்ளே போவது தெரிகிற ஒரு பிளாஸ்டிக் ட்யூபை மாட்டி, மறு முனையை ஆயில் இருந்த பாட்டிலுக்குள் விட்டார். ஒருவர் லீவரை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். அவர் நிப்பிளைத் திறந்து, காற்று வெளியே வந்ததும் மூடுவார். மூடிய பிறகுதான் லீவரை விடலாம். முன்னாலேயே விட்டால் போன காற்று திரும்ப வந்துவிடும்.

லீவர் என் பொறுப்பு. முதல் இரண்டு முறையும் முன்னாலேயே விட்டேன். மூன்றாவது முறை செல்வராணி என்னைத் தள்ளிவிட்டு வந்து நின்றாள். அவர் ‘விடுக்கா’ என்று சொல்லும் வரை அவள் கை அசையவில்லை. பாட்டிலில் குமிழ் குமிழாக வந்தது. மேலே குறையக் குறைய ஆயில் ஊற்றும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். ஊற்றுவதில்தான் எனக்கு அனுபவம் இருக்கிறதே... கடைசியில் குமிழ் நின்றது, லீவர் கெட்டியானது.

மறுநாள் காலை ஷேர் ஆட்டோ வரும் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, வந்து லீவரை ஒரு தடவை அழுத்திப் பார்த்தாள். ஏறி உட்கார்ந்தாள். முதல் ஸ்பீட் பிரேக்கர் வரை விறைப்பாகவே வந்தாள். இரண்டாவது தாண்டியதும் அவள் தலை என் முதுகில் வந்து சாய்ந்தது. அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

பஸ்ஸில் ஏறும்போது திரும்பிப் பார்த்துச் சொன்னாள்.

“பிரேக்குல இருந்த காலி போயிருச்சு. உங்க தலைக்குள்ள இன்னும் இருக்குது.”

தமிழ்க் காலியா, தெலுங்குக் காலியா? இந்த முறையும் நான் கேட்கவில்லை.