தைலப் பாட்டிலில் ஊற்றிய மணப்பாகு

2023 டிசம்பர் 12, செவ்வாய்க்கிழமை. எட்டேகாலுக்குக் கடை திறந்தேன். தராசைத் துடைத்தேன். தாளிசாதி சூரணம், திப்பிலி, சித்தரத்தை இருப்பைக் குறித்தேன். பிறகு கேனிலிருந்து யூகலிப்டஸ் தைலத்தைப் புனல் வைத்து நூறு மில்லி பாட்டில்களில் நிரப்பினேன். கொடைக்கானல் பஜாரில் இந்த நாட்டு மருந்துக் கடைக்கு வந்து பத்தொன்பது வருடம். காலை வேலை மாறியதில்லை.

டிசம்பரில் மலை முழுக்கச் சளி. டூரிஸ்ட்டுகள் தைலம் வாங்குவார்கள். உள்ளூர்க்காரர்கள் இருமலுக்கு ஆடாதோடை மணப்பாகை லூஸில் வாங்குவார்கள். லூஸ் என்றால் பாட்டில் அவர்களுடையது. அநேகமாக எங்கள் கடையின் பழைய தைலப் பாட்டிலைத்தான் கழுவிக் கொண்டுவருவார்கள். பழுப்புக் கண்ணாடி, பச்சை மூடி. தைலம் வழிந்து வழிந்து லேபிள் எப்போதோ உரிந்திருக்கும். முன்பெல்லாம் மருந்தின் பெயரைச் சீட்டில் எழுதி ஒட்டித் தருவேன். அந்த வருடம் முதலாளி நிறுத்திவிட்டார்.

"லூஸுல வாங்குறவங்களுக்குச் சீட்டு எதுக்குங்க? கூட்டம் நிக்குது, வெரசா ஊத்தி அனுப்புங்க" என்றார். நானும் ஊற்றினேன்.

பத்தே முக்காலுக்கு போன் வந்தது. மன்னவனூரில் கேரட் காட்டு வேலைக்குப் போகும் செல்வி. முந்தின நாள்தான் மூன்று வயது மகளுக்கு மணப்பாகு வாங்கிப் போயிருந்தாள். வீட்டில் எங்கள் கடைத் தைலமும் ஒரு பாட்டில் இருந்தது.

"அக்கா, பாட்டில மாத்திப்புட்டேன். புள்ளைக்குத் தைலத்த ஒரு ஸ்பூன் ஊத்திட்டேன். கண்ணு சொருகுது. பக்கத்து வீட்டுல உப்புத் தண்ணி குடுத்து வாந்தியெடுக்க வைங்கிறாங்க."

"ஒண்ணும் குடுக்காத. கெடைக்கிற வண்டியில பெரிய ஆஸ்பத்திரிக்கு வா. பாட்டிலயும் எடுத்துக்க."

கேரட் வேனில் வந்தாள். நான் ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். குழந்தை அவள் தோளில் துவண்டு கிடந்தது. மூச்சில் தைல வாடை. உள்ளே வாங்கிக்கொண்டு எங்களைப் பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். செல்வியின் மடியில் லேபிள் இல்லாத இரண்டு பச்சை மூடிப் பாட்டில்கள். இரண்டையும் நிரப்பியவள் நான். எது எதுவென்று எனக்கே தெரியவில்லை.

முதலாளி வந்தார். "ஏம்மா, மூடியத் தொறந்தா ஊரே மணக்கும். உனக்கு மூக்கு இல்லையா?"

செல்வி நிமிர்ந்தாள். குரல் அடைத்திருந்தது. "எனக்கும் நாலு நாளாச் சளிதாங்க. கருவாடு வறுத்தாக்கூடத் தெரியல."

"படிச்சாவது பாத்திருக்கலாம்ல?"

"என்னத்தப் படிக்க? நீங்கதான் ஒண்ணும் எழுதலையே."

எங்களிடம் வருகிறவர்கள் மூக்கடைத்தவர்கள். அவர்கள் மூக்கை நம்பித்தான் இத்தனை நாள் பாட்டிலைக் கொடுத்திருக்கிறோம். இரண்டு வார்த்தை எழுதும் நேரத்தை மிச்சம் பிடித்தோம். முதலாளி சொன்னார் என்று கேட்டுக்கொண்ட என் மேல்தான் எனக்கு அதிகக் கோபம்.

இரண்டு மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். "கண் முழிச்சிடுச்சு. நாளை வரைக்கும் இங்கயே இருக்கட்டும். வாந்தி எடுக்க வைக்காம கொண்டுவந்தீங்க, இல்லேன்னா தைலம் நுரையீரலுக்குப் போயிருக்கும்."

செல்வி அப்போதுதான் அழுதாள்.

வெளியே வந்ததும் முதலாளி மெதுவாகச் சொன்னார்: "நல்லவேளை. இத யாருட்டயும் சொல்லிக்கிட்டு இருக்க வேணாம். வாங்க, சோலியப் பாப்போம்."

"இனிமே பேரு எழுதாம ஒரு சொட்டு ஊத்த மாட்டேன். தைலப் பாட்டில்ல தைலத்தத் தவிர வேற எதையும் ஊத்த மாட்டேன். முடியாதுன்னா வேற ஆளப் பாத்துக்கங்க" என்றேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது ஒன்றுதான். மூலிகைதானே, பெயர் எழுதாவிட்டால் ஒன்றும் ஆகாது என்று எந்த முதலாளி சொன்னாலும் நம்பாதீர்கள்.

மறுநாள் காலை முதல் ஆளாக வட்டக்கானல் விடுதிக்காரர் ஒருவர் வந்து பச்சை மூடிப் பாட்டிலை நீட்டினார். "ஆடாதோடை நூறு ஊத்துங்கக்கா."

வாங்கி, முதலாளி பார்க்கவே குப்பைக் கூடையில் போட்டேன்.

"நல்ல பாட்டிலுங்க அது" என்றார் விடுதிக்காரர்.

வெள்ளைப் பாட்டில் ஒன்றை எடுத்தேன். காலியாக இருக்கும்போதே மருந்தின் பெயரை எழுதி ஒட்டினேன். அதன் பிறகுதான் மணப்பாகு ஜாடியைத் திறந்தேன்.